தொண்ணூறு நாள், ஒரே கார்டு

அந்த ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் அவசரப்படுத்தலாம், எண்ணிக்கை அண்ணனை மட்டும் முடியாது. ஆபரேஷனுக்குப் போகிற கத்தி, கத்தரி, இடுக்கி, கிளிப் எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, மூடி சீல் வைத்து, நீராவியில் சுத்தம் செய்து மேலே அனுப்புகிற அடித்தளத்து அறைக்கு அவர்தான் பொறுப்பு. ஒவ்வொரு தட்டையும் மூன்று தடவை எண்ணுவார். மேலே பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு குதித்தாலும் சரி, மூன்றாவது எண்ணிக்கை முடியாமல் தட்டு அந்த அறையின் சன்னலைத் தாண்டாது. பத்தொன்பது வருஷத்தில் அவர் அனுப்பிய தட்டில் ஒரு ஊசி குறைந்ததில்லை. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் எண்ணிக்கை அண்ணன்தான்.

அவரிடம் இன்னொரு சட்டமும் உண்டு. மேசை மீது ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் இருக்க வேண்டும். அதை மூடி, ஓரம் கட்டி, மேசையைத் துடைத்த பிறகுதான் அடுத்தது வரலாம். இரண்டு தட்டுச் சாமான் கலந்துபோவது அவர் கணக்கில் கொலைக்குற்றத்துக்கு ஒரு படி கீழே. வேலைக்கு இது அருமையான சட்டம், மறுக்க முடியாது. ஆனால் மனிதர் இதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கும் போய்விடுவார். பழைய சோப்பு பொட்டளவாகித் தேய்ந்து தீரும்வரை புதுச் சோப்பின் உறையைப் பிரிக்க விடமாட்டார். ஊறுகாய் பாட்டிலுக்கும் அதே விதி. அவர் மனைவி சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கு அவரைப் பிடிக்கும், என்ன செய்வது.

அந்த மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. ஒன்றைக் கொடுத்தவள் அவளுடைய அக்கா. நாள் பார்த்து, நாலு பேரைக் கேட்டு, யோசித்தெல்லாம் கொடுக்கவில்லை. விஷயம் தெரிந்த அன்றே, “எனக்கு ரெண்டு இருக்கு, உனக்கு ஒண்ணு” என்றாள், ஏதோ ரவிக்கைத் துணி பங்கு போடுகிற மாதிரி. ஆபரேஷன் இதே ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அக்காவுக்கும் தங்கைக்கும் போன இரண்டு தட்டுகளையும் அடுக்கியவர் நம் அண்ணன்தான். அதற்கடுத்த வருஷம் அக்கா தன் கணவன் ஊருக்கே போய்விட்டாள். அது கடல் தாண்டி, விமானத்தில் ஒரு பகல் முழுக்கப் போகிற தூரம். கணவன் கப்பலில் இஞ்சின் பார்க்கிறவர், வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பார். அதன் பிறகு அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டதெல்லாம் போன் திரையில்தான்.

இந்த வருஷம் அந்த அக்காவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதம் தள்ளித் தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். அந்தத் தேதியில் அவள் கணவன் நடுக்கடலில் இருப்பார். தனியாகப் போய்ப் படுத்துக்கொள்வேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அக்கா போனில் சிரித்தாள். தங்கை போனை வைத்துவிட்டு, அந்த வாரத்து மாத்திரைகளை டப்பாவில் நாள்வாரியாகப் போட்டு முடித்தாள். பிறகு அண்ணனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“ஏங்க, அன்னிக்கு நான் கண்ணத் தொறந்தப்போ அவ பக்கத்துக் கட்டில்ல இருந்தா. வயித்தக் கிழிச்சுக் குடுத்தவ, எனக்கு முன்னாடியே முழிச்சு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. இப்ப அவ கண்ணத் தொறக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இது வேண்டும் என்று வாய்திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அண்ணன் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் டிக்கெட் விலையைப் பார்த்தார். பார்த்த கண்ணை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டார். அவள் ஆபரேஷனுக்கு வாங்கிய கடன் போன வருஷம்தான் ஒழிந்திருந்தது. அவள் வேலை பார்ப்பது ஒரு கூரியர் ஆபீஸில், அரை நாள் பார்சல் பிரிப்பது. வருகிற சம்பளத்தில் பாதி மாத்திரைக்கே போகும்.

இந்த இடத்தில்தான் அண்ணனுடைய தங்கை புருஷன் வருகிறார். இன்ஷூரன்ஸ் விற்கிறவர். அவர் வாய் இருக்கிறதே, அது இருக்கும்வரை அவர் குடும்பம் பட்டினி கிடக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, அண்ணனுடைய பர்ஸை வாங்கி, அதிலிருந்த கிரெடிட் கார்டுகளை மேசையில் பரப்பினார். சம்பளக் கணக்கோடு வந்த கார்டு ஒன்று, மனைவி செலவுக்கு ஒன்று, பெட்ரோல் போட ஒன்று. மூன்றும் ஒரே வங்கி. எட்டு வருஷமாக இதில் பாயிண்ட் ஊறிக்கொண்டிருக்கிறது, மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். போனில் பார்த்து எண்ணினால் ஒன்றில் இருபத்திரண்டாயிரம், ஒன்றில் பத்தொன்பது, பெட்ரோல் கார்டில் ஏழு. ஆக நாற்பத்தெட்டாயிரம். மூன்றும் தனித்தனியாகக் கிடந்தால் ஒரு பிளாஸ்க் வாங்கலாம், ஒரு குடை வாங்கலாம். ஒன்றாகச் சேர்த்தால்தான் பறக்கலாம். அதே வங்கியில் விமானப் பயணத்துக்கென்றே ஒரு கார்டு இருக்கிறது, அதை எடுத்தால் பன்னிரண்டாயிரம் பாயிண்ட் சும்மா தருகிறார்கள். டிக்கெட்டுக்கு வேண்டியது அறுபதாயிரம். சொல்லிவைத்தாற்போல் கணக்கு முடிந்தது. மனைவி அன்று மாப்பிள்ளைக்கு இரண்டு தடவை காபி கொடுத்தாள்.

போகும்போது மாப்பிள்ளை ஒரு துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதலில் புதுக் கார்டு வாங்க வேண்டும். பிறகு பாயிண்டுகளை அதற்கு மாற்ற வேண்டும். கடைசியில் பழையவற்றை மூட வேண்டும். இனி வீட்டுச் செலவு எல்லாம் ஒரே கார்டில்.

அண்ணன் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு வரிசை தப்பு என்று தோன்றியது. பழையதைத் திறந்தபடி வைத்துக்கொண்டு புதியதைத் திறப்பதா? கலந்து போகாதா? இன்ஷூரன்ஸ் விற்கிறவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார். புதுக் கார்டுக்கு எழுதிப் போட்ட கையோடு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வங்கிக்குப் போன் போட்டு, மூன்று கார்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடச் சொன்னார். மூன்று தடவையும் ஒரு இயந்திரக் குரல் ரயில் வேகத்தில் ஏதோ நிபந்தனைகளை வாசித்து, சம்மதம் என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. மூன்று தடவையும் ஒன்றை அழுத்தினார். பிறகு கார்டுகளைக் கத்தரியால் துண்டுதுண்டாக வெட்டி, பழைய ஊசிகளைப் போடுகிற மஞ்சள் டப்பாவில் போட்டார். மேசையைத் துடைத்தார். மனசு நிம்மதியாக இருந்தது.

மூன்று வாரத்தில் புதுக் கார்டு வந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, பாயிண்டுகளை மாற்றச் சொல்லி அண்ணன் வங்கிக்குப் பேசினார். இந்தத் தடவை எடுத்தது நிஜமான ஒரு பெண். கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது. மூடிய கார்டில் பாயிண்ட் இருக்காது என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். இருக்காது என்றால், எங்கே போயிற்று என்று அண்ணன் கேட்டார்.

“எங்கயும் போகல சார். இல்லாம போயிடுச்சு.”

மனைவிக்கும் அது கேட்டது. அவள் அழவில்லை, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட வாங்க என்று எழுந்து போய்த் தட்டை வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது சோறு தொண்டையில் இறங்கியிருக்கும். அந்தத் திட்டையெல்லாம் மாப்பிள்ளை சேர்த்துவைத்துப் போனில் கொடுத்தார். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினவன்கூட கையில் சித்திரத்தையாவது வைத்திருப்பான் மச்சான், உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

மறுநாள் வங்கியிலிருந்து அதே பெண் தானாகக் கூப்பிட்டாள். அவளுக்கு இது வேலையே இல்லை. அக்காவின் ஆபரேஷன் என்று அண்ணன் உளறியது அவள் மனதில் நின்றுவிட்டது போலும். புதுக் கார்டில் ஒரு சலுகை இருக்கிறது, பலபேர் கவனிப்பதில்லை என்றாள். முதல் தொண்ணூறு நாளுக்குள் குறிப்பிட்ட ஒரு தொகைக்குமேல் செலவு செய்தால், மொத்தமாக ஐம்பதாயிரம் பாயிண்ட் வரும். ஏற்கெனவே உள்ள பன்னிரண்டோடு அறுபத்திரண்டு. அண்ணன் நன்றி சொல்லிவிட்டுத் தொகையைக் கேட்டார். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவர்கள் வீட்டின் ஒன்பது மாதச் செலவு. ஒன்பது மாதச் செலவைத் தொண்ணூறு நாளில் செய்வதற்கு அவர் என்ன மந்திரியா?

அந்த வாரம் அண்ணன் ஒரு தட்டை நான்காவது தடவை எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தவள் ஆவியம்மா. நீராவி இயந்திரத்தை ஓட்டுகிறவள் என்பதால் அந்தப் பெயர். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அடித்தளத்தில் ஆவியம்மா இருக்கிறாள் என்று கேட்டு ஒரு நாள் பயந்து, மறுநாள் சிரிப்பார்கள். நான்காவது எண்ணிக்கை என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதர், கேட்டதும் கொட்டிவிட்டார். ஆவியம்மா கேட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“நான் பிரிட்ஜ் வாங்கப் போறேன். காசு கையில இருக்கு. கடையில உங்க கார்டத் தேய்ங்க, காச உங்க கையில தரேன். எனக்கு ஒரு பைசா கூடாது, குறையாது. உங்களுக்குப் பாயிண்ட். இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?”

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்தவர் காசும் தன் காசும் கலப்பதா? ஆவியம்மா அவரோடு வாதாடவில்லை, நேரே மாடிக்குப் போனாள். அவளிடம் ஒரு சேதி சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று. மாலைக்குள் ஆஸ்பத்திரியில் எட்டுப் பேர், தாங்கள் வாங்கப் போகிற சாமானின் பட்டியலோடு சன்னல் பக்கம் வந்து நின்றார்கள். முன்பணமாகக் கொடுத்தால் பத்திரமா என்று புதிதாக வந்த ஒருவன் கேட்டானாம். அந்த ஆளிடம் கொடுத்தது என்றைக்காவது குறைந்திருக்கிறதா என்று ஆவியம்மா ஒரே கேள்வியில் அவன் வாயை அடைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். எந்தப் பழக்கம் நாற்பத்தெட்டாயிரம் பாயிண்டைத் தின்றதோ, அதே பழக்கத்தை நம்பித்தான் அத்தனை பேரும் காசோடு நின்றார்கள்.

அண்ணன் இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஆபரேஷன் கத்தரிகளை உள்ளே போட்டு ஒட்டுகிற உறை இருக்கிறது, ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக். அதில் ஒரு பெட்டி தன் காசில் வாங்கினார். ஒவ்வொருவர் பணமும் ஒரு உறையில். வெளியே பெயர், தேதி, தொகை. வாயைச் சூடு வைத்து ஒட்டிவிடுவார். மறுநாள் மதியம் வங்கிக்கு நடந்துபோய், உறையைக் கிழித்து, கார்டில் கட்டி, ரசீதை உரியவரிடம் கொடுப்பார். யார் காசும் அவரிடம் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை. காசுக்கும் கிருமி போக்குகிறார் என்று மாடியில் சிரித்தார்கள். சிரித்தவர்களும் உறையில்தான் கொடுத்தார்கள்.

கார்டை யார் கையிலும் தரமாட்டார், ரகசிய எண்ணையும் சொல்லமாட்டார். ஆகவே எல்லார் கூடவும் அவரே கடைக்குப் போக வேண்டியதாயிற்று. பத்தொன்பது வருஷம் சன்னல் வழியாகக் கைகளை மட்டும் பார்த்தவர், இப்போது அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களோடு ஊர் சுற்றினார். ஆவியம்மா பதினோரு பிரிட்ஜைத் திறந்து மூடிப் பார்த்து, முதலில் பார்த்ததையே வாங்கினாள். அதுவரை அவள் கைப்பை அண்ணன் தோளில் தொங்கியது. ஆம்புலன்ஸ் டிரைவர் தன் சொந்தக் காருக்கு நான்கு டயர் போட்டார். ஊர் உயிரையெல்லாம் காப்பாற்றுகிற மனிதர் அத்தனை நாளும் மொட்டை டயரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். மயக்க மருந்து டாக்டர் ஐம்பத்திரண்டு வயதில் பியானோ கற்கப் போவதாகச் சொல்லி ஒரு கீபோர்டு வாங்கினார். கேட்கிறவர்கள் தூங்கிவிட்டால் அது இசையா, தொழிலா என்று மறுநாள் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்கள். கேன்டீன்காரர் முழுசாக ஒரு பல்செட் கட்டிக்கொண்டார்.

வாட்ச்மேனோடு அண்ணன் ஒரு கல்லூரிக்குப் போனார். மகளுக்கு வருஷக் கட்டணம். கவுண்டரில் இருந்தவர், கார்டு இவருடையது, பிள்ளை அவருடையது, நீங்கள் யார் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே வாட்ச்மேன், “எங்க அண்ணன்” என்றார். கூப்பிட்டுப் பழகிய சொல்தான். ஆனாலும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போடும்போது அந்த ரசீதை உற்றுப் பார்த்தார். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாம் என்று கீழே அச்சடித்திருந்தது. வாட்ச்மேன் மொத்தத்தையும் ஒரே தவணையில் கட்டியிருந்தார். அப்போதுதான் அண்ணனுக்கு மற்றதும் உறைத்தது. துணி துவைக்கும் பிரிவுக்காரர் அடுத்த வருஷம் வாங்குவதாக இருந்த வாஷிங் மெஷினை இப்போதே வாங்கினார். டிரைவர் இரண்டு டயர் மாற்றினாலே போதும் என்று கடைக்காரரே சொன்னார். எல்லோருமே வாங்க வேண்டியதை மட்டும் வாங்கவில்லை. இவருக்காகச் சீக்கிரமாக வாங்கியிருக்கிறார்கள், கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். தான் என்ன செய்துவிட்டோம் இவர்களுக்கு என்று அண்ணனுக்குப் புரியவில்லை. கத்தரியை எண்ணினோம், அவ்வளவுதானே என்று நினைத்தார்.

எண்பத்தெட்டாவது நாள் வந்தது. இன்னும் அவர்கள் வீட்டின் ஒரு மாதச் செலவு அளவுக்குத் துண்டு விழுந்தது. வாங்குகிறவர்களெல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள். இனி ஆஸ்பத்திரியை விலைபேசினால்தான் உண்டு என்று ஆவியம்மாவே கையை விரித்தாள். வீட்டில் மனைவி, இவ்வளவு பேர் இவ்வளவு செய்ததே பெரிசு, போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரத்து மாத்திரைகளை டப்பாவில் போடும்போது புதன்கிழமைக்கு இரண்டு தடவை போட்டுவிட்டாள். அதை அண்ணன்தான் பார்த்து எடுத்தார்.

அன்று வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, சன்னலுக்கு வெளியே பெரிய சிஸ்டர் நின்றார். ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ். அவரும் அண்ணனும் வேலைக்கு வெளியே பேசி இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வந்த தட்டில் ஒரு கிளிப் குறைந்தது. மேலே எண்ணிக்கை சரி என்று எழுதி அனுப்பியிருந்தவர் சிஸ்டர். அண்ணன் விடவில்லை, புத்தகத்தில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். கிளிப் சலவைத் துணியில் கிடைத்தது, நோயாளிக்கு ஒன்றுமில்லை. ஆனால் சிஸ்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்று முதல் தட்டு போகும், தட்டு வரும், பேச்சு மட்டும் இல்லை.

நாளைக்கு ஒரு கடைக்கு வர முடியுமா என்று சிஸ்டர் கேட்டார். என்ன கடை என்று சொல்லவில்லை. மறுநாள் இரண்டு பேரும் இரண்டு பஸ் மாறி, ஆஸ்பத்திரி ஆட்கள் யாரும் வராத ஊரின் மறுகோடிக்குப் போனார்கள். கடை வாசலில் பெரிதாக ஒரு காது வரைந்திருந்தது. உள்ளே சத்தம் புகாத சின்ன அறையில் சிஸ்டரை உட்காரவைத்துச் சோதித்தார்கள். வெளியே வந்ததும் சிஸ்டர், அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினார்.

“மூணு வருஷமா கேக்கறது குறைஞ்சுக்கிட்டே வருது. உதட்டப் பாத்துத்தான் ஓட்டறேன். மாஸ்க் போட்டவங்க நடுவுல உதட்ட எங்க பாக்கறது? அன்னிக்கு எண்ணிக்கை சொன்னப்போ எனக்கு சரியா கேக்கல. கேக்கலைன்னு சொல்ல வெட்கம். நீங்க எழுதினதுதான் சரி.”

காதில் கருவி மாட்டி, அது சரியாகப் பழகும்வரை ஆபரேஷன் மேசைப் பக்கம் போவதில்லை என்றும், தலைமை டாக்டரிடம் தானே சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார். மற்றவர்களின் வெறும் வாய்க்கு அவல் ஆக விருப்பமில்லை, அவ்வளவுதான். கருவி வாங்குவதை ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாராம். ஒரு சாட்சி இல்லாமல் இந்தக் கடைக்குள் நுழையத் தைரியம் வரவில்லையாம்.

“நீங்க மூடி சீல் வெச்சா யாரும் திறக்க முடியாது. அதான் உங்கள கூப்பிட்டேன்.”

அண்ணன் கார்டைத் தேய்த்தார். இரண்டு காதுக்குமான கருவியின் விலை, துண்டு விழுந்த தொகையைத் தாண்டிக் கொஞ்சம் மிஞ்சியது. சிஸ்டர் விலையை முன்பே விசாரித்து, பணத்தை உறையில் போட்டு, வாயை ஒட்டி, தேதியும் தொகையும் எழுதித் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அண்ணன் அதை எண்ணாமலே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மூன்று தடவை எண்ணினார், அது வேறு விஷயம். கருவிகளை மாட்டிக்கொண்டு படியிறங்கி வீதிக்கு வந்தபோது சிஸ்டர் நாலடி நடந்து சட்டென்று நின்றார். குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“செருப்புச் சத்தம் கேக்குது” என்றார். பஸ் நிறுத்தம் வரை அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

பாயிண்ட் வந்தது, அறுபத்திரண்டாயிரம். டிக்கெட் எடுக்க மாப்பிள்ளை நேரில் வந்தார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்தால்தான் கம்ப்யூட்டரைத் திறப்பேன் என்றார். அண்ணன் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தார். மனைவி எல்லோரைப் பற்றியும் கேட்டாள், யார் யார் என்னென்ன வாங்கினார்கள் என்று. ஒவ்வொன்றாகக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டாள். கடைசியாக வாங்கியது யார் என்று கேட்டபோது மட்டும் அண்ணன், அது ஒருத்தங்க என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை. அடுத்த வாரம் ஒரு கைப்பையும் மாத்திரை டப்பாவுமாக விமானம் ஏறினாள்.

அக்காவின் ஆபரேஷன் அன்று அண்ணன் வழக்கம்போல வேலைக்குப் போனார். இங்கே மதியம் என்றால் அங்கே பொழுது சாய்ந்திருக்கும். மதியத்துக்குமேல் அடித்தளத்தில் தேவையில்லாத கூட்டம் சேர்ந்தது. டிரைவருக்கு அங்கே வேலையில்லை, கேன்டீன்காரருக்குச் சுத்தமாக இல்லை. மாஸ்க்கும் கையுறையுமாக அண்ணன் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆவியம்மா எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவர் பக்கத்தில் பிடித்தாள்.

“ஏங்க, கண்ணத் தொறந்துட்டா. என்னப் பாத்துட்டா.”

மயக்க மருந்து டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனில் மனைவி தொடர்ந்தாள். கண்ணைத் திறந்த அக்கா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு தூரம் யார் காசில் வந்தாய் என்று கேட்டாளாம். இவள் பிரிட்ஜிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். டயர் வரும்போது அக்கா சிரித்தாளாம், சிரித்ததும் தையல் வலித்ததாம். பல்செட் சொல்லும்போது தூங்கிவிட்டாள். அரை மணி கழித்து விழித்ததும், அப்புறம் யார் என்று விட்ட இடத்திலிருந்து கேட்டாளாம்.

“கடைசியா வாங்கினது யாருன்னு கேக்கறா. எனக்கே தெரியாதுன்னேன். அவங்களுக்கு நன்றி சொல்லாம எப்படிடின்னு என்னத் திட்டறா. நீங்க அவங்ககிட்ட சொல்வீங்களா?”

சொல்கிறேன் என்றார் அண்ணன். போன் வைத்ததும் எல்லோருக்கும் திடீரென்று அவரவர் வேலை ஞாபகம் வந்தது. கேன்டீன்காரர் புதுப் பல் தெரிய, தூங்க வைத்தது தன் பல்தான் என்று சொல்லிக்கொண்டே படியேறினார். ஆவியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திறக்கப் போனாள். நீராவி பெரிய சத்தத்தோடு வெளியேறியது.

சன்னலில் பெரிய சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. மூன்றாம் நம்பர் அறைக்குத் தட்டு வேண்டுமாம். காலையிலேயே அண்ணன் மூன்று தடவை எண்ணி மூடிய தட்டுதான். நீராவியில் சுத்தமாகி வந்த அதன் சீலையும் மூன்று தடவை பார்த்துவிட்டு, சன்னல் பலகையில் தள்ளினார். ஆவியம்மா மூன்றடி தூரத்தில்தான் இருந்தாள். அண்ணன் மாஸ்க்கைக் கழற்றவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

“ரொம்ப நன்றி சிஸ்டர்” என்றார்.

சிஸ்டர் தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார்.

“கேட்டுச்சு” என்றார்.